பிறந்த இடம் தெரியாத வால்வுப் பட்டியல்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. காலை மடக்கிக்கிட்டா இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கும். இது ஒரு தண்ணீர் அலுவலகத்துக் கதை. குழாயில தண்ணி வரலைன்னா ஓடிப்போய் நிப்பீங்களே, அந்த மாதிரி அலுவலகம். அங்கே போய்க் கத்தித் தொண்டை கட்டினவங்க முன்னால உட்காருங்க. மத்தவங்க பின்னால.

அந்த அலுவலகத்துக்கு இரண்டு தளம். மேலே அதிகாரி இருந்தார். கீழே மற்றவர்களும் ஈரமும் இருந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் வராத நாளிலும் அந்தக் கீழ்த்தளத்துச் சுவரில் மட்டும் தண்ணீர் வற்றினதே இல்லை.

அந்த ஈரச் சுவரை ஒட்டி ஒரு மேசை. அந்த மேசையில் ஒருத்தி. அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் "பட்டியல்" என்றுதான் கூப்பிட்டார்கள். டைப் அடிக்க வந்தவள். தற்காலிகம். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால் அங்கே என்ன அர்த்தம் தெரியுமா? வேலை எல்லாம் செய்யலாம், கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

பட்டியல் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரின் தரைக்கு அடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு வால்வு. பெரிய குழாயைத் திறந்து மூடுகிற திருகுக்குத்தான் வால்வு என்று பேர். எங்கேயாவது குழாய் உடைந்தால் அதற்கான வால்வை மூடினால்தான் தண்ணீர் நிற்கும். எந்த மூடிக்கு அடியில் எது, எத்தனை சுற்று, இடப்பக்கமா வலப்பக்கமா, எந்த ஏட்டிலும் கிடையாது. திருகுவதற்கு ஓர் ஆள் இருந்தார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார். அதனால் அவர் சாவிக்காரர்.

"எனக்குத் திருகத் தெரியும் தங்கச்சி. எதைத் திருகறதுன்னு கேட்காதே. ஒருநாள் இந்தத் தெருவை மூடப் போய் ஆஸ்பத்திரியை மூடிட்டேன்" என்பார்.

பட்டியல் என்ன செய்தாள்? லீவு நாளில் எல்லாம் சாவிக்காரரோடு தெருத்தெருவாக நடந்தாள். இரண்டு வருஷம். ஒரு வால்வு தையல்கடைப் படிக்கு அடியில் இருந்தது. இன்னொன்று பல் டாக்டர் கார் நிறுத்துகிற இடத்தில். அவர் எப்போது காரை எடுப்பார் என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். நூற்று நாற்பதாம் வால்வு பிறவிக் கோணல், மூடத் திருகினால் திறக்கும். எல்லாவற்றையும் சிமெண்டுப் பைக் காகிதத்தில் குறித்து, அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து அவளே அடித்தாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் தவறான தெரு மூடப்பட்டதே இல்லை. நல்ல வேலை என்று யாரும் சொல்லவும் இல்லை. சரியாக ஓடுகிற தண்ணீரைப் பற்றி யார் பேசுவார்?

இப்படி இருக்கும்போது தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

"பார்வையில் காணும் பொருள் தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில், இனி அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு கோப்பும் இணையத்தில் எந்த ஊற்றிலிருந்து இறங்கியது என்பது அறியப்பட்டிருத்தல் வேண்டும். ஊற்று அறியப்படாத கோப்பு யாதொன்றும் முப்பது நாட்களுக்கு மேல் இருத்தல் கூடாது. அதனை வைத்திருந்தவரும் இருத்தல் கூடாது."

வேலையில் இருத்தல் கூடாது என்றுதான் அர்த்தம். உலகத்தில் இருக்கலாமா என்பதைப் பற்றிச் சுற்றறிக்கை ஒன்றும் சொல்லவில்லை.

ஊற்றைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளும் வந்தது. அதன் பெயர் ஊற்றுக்கண். ஒரு கோப்பைக் காட்டினால் போதும், இன்ன தளத்திலிருந்து, இன்ன தேதியில், இன்ன நேரத்தில் இறங்கியது என்று புட்டுப் புட்டு வைக்கும். நல்ல கருவிதான், குறை சொல்லக் கூடாது. கத்தி நல்லதுதான், வெங்காயம் நறுக்கலாம். அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்களை எல்லாம் நறுக்கிப் பார் என்று யாராவது உத்தரவு போட்டால் கத்தி என்ன செய்யும்?

"மின்சார அலுவலகத்துல வாங்கிட்டாங்க. நிலப்பதிவுல ரெண்டு வாங்கிட்டாங்க. நாம மட்டும் ஊற்று தெரியாம எந்த முகத்தோட வெளியில போறது?" என்றார் அதிகாரி. அந்த மாதம் ஊரெல்லாம் அதே பேச்சு. எதிர்த்த டீக்கடைக்காரர்கூட "ஊற்றறிந்த டீ" என்று பலகை வைத்தார். வியாபாரம் கொஞ்சம் கூடியது.

ஊற்றுக்கண்ணோடு ஒரு நிபுணரும் வந்தார். கழுத்தில் பட்டையான கயிறு, அதில் அவர் முகமே அட்டையாகத் தொங்கியது. அவர் கழுத்துப்பட்டை ஆனார். மென்பொருளோடு இலவசமாக ஒரு தாள் கிழிக்கும் இயந்திரமும் கொடுத்தார்கள். ஊற்று தெரியாத காகிதங்களுக்கு அது. முதல் நாளே ஆர்வம் தாங்காமல் பெரிய எழுத்தர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதில் ஊட்டினார். இவர்தான் கீழ்த்தளத்துக்குத் தலைவர். பட்டியலின் சிமெண்டுப் பைக் காகிதங்களும் அதில் போயின. அவள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது எல்லாம் நூல்நூலாகக் கிடந்தது.

"என்ன சார் இது?"

"சிமெண்டு எங்கே வாங்கினதுன்னு அதுல போட்டிருந்தது. விவரம் எங்கே வாங்கினதுன்னு போடலையே" என்றார் பெரிய எழுத்தர். நியாயமான பதில்.

அதிகாரி கம்ப்யூட்டர் திரைக்குக் குறுக்கே கட்டிய ரிப்பனை வெட்டினார். கழுத்துப்பட்டை பொத்தானை அழுத்தினார். பச்சை என்றால் ஊற்று தெரிந்தது, சிவப்பு என்றால் தெரியாதது. அதிகாரியின் கம்ப்யூட்டர் முழுக்கப் பச்சை. ஆயிரத்து இருநூறு காலை வணக்கப் பூக்கள், நாற்பது பூனைப் படங்கள், தொப்பை குறைக்க ஏழு வழி. எல்லாவற்றுக்கும் ஊற்று இருந்தது. அதிகாரி கண் கலங்கினார். கீழ்த்தளம் முழுக்கவும் பச்சை. ஒரே ஒரு சிவப்பு. ஈரச் சுவர் மேசை.

"இந்தக் கோப்பை எங்கேருந்து இறக்கினீங்க?" என்றார் கழுத்துப்பட்டை.

"இறக்கலைங்க. நானே அடிச்சேன்."

"அது சரி. எந்தத் தளத்துலேருந்து?"

"தளமா? இந்தக் கீழ்த்தளம்தான். இந்த நாற்காலியில உட்கார்ந்து."

கழுத்துப்பட்டை தேடிப் பார்த்தார். "நாற்காலின்னு அங்கீகரிக்கப்பட்ட ஊற்று எதுவும் இல்லையே."

"ஐயா, எல்லாரும் எங்கேருந்தோ எடுத்திருக்காங்க. நான் ஒருத்திதான் எங்கேருந்தும் எடுக்கலை. அதுக்கு நான் சிவப்பா?"

"நீங்க எடுத்திருந்தா கொடுத்தவங்க பேராவது தெரிஞ்சிருக்கும். நீங்க எடுக்கவே இல்லைங்கறீங்க. அதானே சந்தேகமா இருக்கு" என்றார் கழுத்துப்பட்டை.

அன்று மாலையே மெமோ. "அலுவலக நேரத்தில் எவருடைய உதவியுமின்றித் தாமாகவே ஒரு கோப்பை உருவாக்கிய செயலுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தருக. கோப்பு முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அழிக்கப்படும். தங்கள் தற்காலிகப் பணியும் அவ்வாறே." கீழே அதிகாரியின் கையெழுத்து.

சாவிக்காரர் மெமோவை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அவர் எதையும் அப்படித்தான் படிப்பார். மெதுவாக, ஆனால் விடாமல்.

"தங்கச்சி, உன்னையும் அழிக்கறாங்களா, பட்டியலையும் அழிக்கறாங்களா?"

"ரெண்டையும்தான் அண்ணே."

"அப்ப நாளைக்குக் குழாய் உடைஞ்சா நான் யாரைக் கேட்கறது?"

"ஊற்றுக்கண்ணைக் கேளுங்க."

"அதுக்கு நூத்தி நாப்பது கோணல்னு தெரியுமா?"

பட்டியல் அழவில்லை. அவளுக்கு யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம். அன்றைக்கு இரண்டு மூடி போனது.

மறுநாள் ஒரு வழி கண்டாள். நீங்களும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இணையத்தில் ஏற்று, அங்கிருந்து இறக்கு. ஊற்று வந்துவிடும். அவள் அக்கா தையல்கடை வைத்திருந்தாள், அதற்கு ஓர் இணையதளமும் இருந்தது. சட்டை அளவுகளுக்கும் கை வைத்த ரவிக்கை மாதிரிகளுக்கும் நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு வால்வை அக்கா ஏற்றிவிட்டாள். இவள் இறக்கினாள். ஊற்றுக்கண் பச்சையாகச் சிரித்தது.

"பாத்தியா, பச்சை!" என்றார் சாவிக்காரர்.

மெமோ வந்த இருபத்தேழாம் நாள் தபால் நிலையத் தெருவில் பெரிய குழாய் உடைந்தது. தண்ணீர் வாழைமர உயரத்துக்கு எழும்பியது. தபால் நிலையத்துக்குள் கடிதங்கள் தாமாகவே நகர ஆரம்பித்தன. பட்டியல் எண்பத்தேழாம் வால்வுப் பக்கத்தை அச்சடித்துச் சாவிக்காரரிடம் கொடுத்தாள். அவர் பெரிய எழுத்தரிடம் ஓடினார். சுற்றறிக்கை வந்ததிலிருந்து இரும்புச் சாவி பெரிய எழுத்தர் பொறுப்பில். பக்கத்தைக் காட்டினால்தான் வெளியே வரும்.

பெரிய எழுத்தர் பக்கத்தை ஊற்றுக்கண்ணில் காட்டினார். "இது தையல் சம்பந்தப்பட்ட ஆவணம்."

"சார், வால்வுன்னு எழுதியிருக்கு பாருங்க!"

"என்ன எழுதியிருக்குங்கறது இப்ப கணக்கில்லை. எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் கணக்கு. சுற்றறிக்கையில விதி ஒன்பது. கோப்பின் தன்மை அதன் ஊற்றின் தன்மையே. தையல் ஆவணத்துக்குச் சாவி தர முடியாது."

"பின்ன என்னதான் தருவீங்க?"

பெரிய எழுத்தர் மனசாட்சி உள்ளவர். இழுப்பறையைத் திறந்து பார்த்தார். "கத்தரிக்கோல் வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் எழுதினார்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள். ஊரின் மற்றப் பக்கங்களில் குழாய் காய்ந்தது. ஜனங்கள் அலுவலகத்துக்கு வந்து கத்தினார்கள். அவர்களிடம் அதிகாரி, "உங்கள் புகாரின் ஊற்று எது?" என்று கேட்கும்படி உத்தரவிட்டிருந்தார். "எங்க வீட்டுக் குழாய்" என்றார்கள். "குழாய் அங்கீகரிக்கப்பட்ட ஊற்று அல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள்.

பட்டியல் மூன்றாவது பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விதி ஒன்பது அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கோப்பின் தன்மை அதன் ஊற்றின் தன்மை. அப்படியானால் மற்றவர்கள் கோப்பெல்லாம் எந்தத் தன்மை?

அவளுக்கு ஒன்று தெரியும். அந்த அலுவலகத்தில் யாரும் கடிதத்தைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய கடிதம் ஒன்றைத் திறப்பார்கள், பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள், வேறு பெயரில் சேமிப்பார்கள். அந்தப் பழையதும் அதற்கு முந்தைய பழையதிலிருந்து வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி எல்லாக் கடிதத்துக்கும் ஒரே முகம். போன வருஷம் ஒரு குழாய் இணைப்பு உத்தரவு "மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கிப் போனது. வாங்கிய மளிகைக் கடைக்காரர் பெருமையாக அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அவள் மேல்மாடிக்கு ஏறினாள்.

"ஐயா, ஒரு யோசனை. நம்ம அலுவலகத்துல எல்லாக் கடிதமும் பச்சையா இருக்கு. வேற எந்த அலுவலகத்துலயும் இப்படி இல்லையாம். ஒவ்வொண்ணும் எங்கே பிறந்துச்சுன்னு மரம் மாதிரி பெரிய படம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பினா, உங்களுக்குத்தானே பேரு?"

அதிகாரிக்கு மரம் பிடித்துவிட்டது. "அது நான் ஏற்கனவே நினைச்சதுதான்" என்றார்.

எல்லோரையும் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய திரை. கழுத்துப்பட்டை பெருமையாக விளக்கினார். "ஒரு கோப்பு எத்தனை வேஷம் போட்டாலும் பிறவி மச்சம் போகாது. பேரை மாத்துங்க, தேதியை மாத்துங்க, ஊற்றுக்கண் விடாது. இந்தப் படம் அப்படியே நேரா தலைமையகத்துக்கும் போயிடும்." பொத்தானை அழுத்தினார்.

மரம் வளர்ந்தது. இலைகள் நாற்பத்தோராயிரம். இணைப்பு உத்தரவு, இடமாற்றல் உத்தரவு, எச்சரிக்கை, பாராட்டு, மெமோ, எல்லாம் இலை. கிளைகள் சேர்ந்து சேர்ந்து கீழே வந்தன. கடைசியில் ஒரே ஒரு வேர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இறங்கிய ஒரு பக்கம். அதன் தலைப்பைக் கழுத்துப்பட்டை வாசித்தார்.

"காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதம். மாதிரி. மூன்றாம் வகுப்பு."



பெரிய எழுத்தர் இருமினார். "அது... என் பொண்ணுக்கு அப்ப ஜுரம். கடிதம் அமைப்பு நல்லா இருந்துச்சு. அனுப்புநர், பெறுநர் எல்லாம் வரிசையா... மறுநாள் ஒரு உத்தரவு அடிக்க வேண்டியிருந்தது..."

"அதனால என்ன?" என்றார் அதிகாரி. "பச்சைதானே?"

"பச்சைதாங்க ஐயா" என்றாள் பட்டியல், மிகுந்த பணிவோடு. "ஆனா விதி ஒன்பதுன்னு ஒண்ணு இருக்கே. ஊற்றோட தன்மைதானே கோப்போட தன்மை. அப்ப நீங்க பதினாலு வருஷமா கையெழுத்துப் போட்டதெல்லாம் உத்தரவு இல்லைங்க. லீவு லெட்டர்."

யாரும் மூச்சு விடுவதற்குள் தலைமையகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஊற்றுக்கண்தான் நேரே அனுப்புகிறதே. "தங்கள் அலுவலகப் பணியாளர் அனைவரும் பதினான்கு ஆண்டுகளாகக் காய்ச்சல் விடுப்பில் உள்ளமை கவனத்திற்கு வந்துள்ளது. விரைவில் நலம் பெற வாழ்த்துகள். அனைவரும் மருத்துவச் சான்றும், கடித மாதிரியில் கண்டவாறு பெற்றோர் கையெழுத்தும் சமர்ப்பிக்கும் வரை அலுவலகத்துக்குள் வருதல் கூடாது. தொற்று அபாயம் உள்ளது. பணியில் உள்ளவர் எவரோ அவரே பொறுப்பேற்க."

அதிகாரிக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய அப்பாவுக்கு எண்பத்து நான்கு, காது கொஞ்சம் மந்தம். வீட்டுக்குப் போய்க் கையெழுத்துக் கேட்டார்.

"எதுக்குடா?"

"லீவு லெட்டர்ப்பா. காய்ச்சல்."

கிழவர் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லையே. பொய் சொல்லி லீவு போடறியா? இந்த வயசுலயுமா? கையெழுத்துப் போட மாட்டேன், போ."

பெரிய எழுத்தருக்கு அந்தக் கவலையும் இல்லை. அப்பா அம்மா காலமாகிப் பத்து வருஷம். பெற்றோர் கையெழுத்தைப் பெற்றோரிடமே வாங்க வேண்டும் என்று விதி தெளிவாக இருந்தது.

இப்போது யார் மிச்சம்? சாவிக்காரர் பெயரில் கோப்பே இல்லை, அதனால் கோப்புப்படி அவர் பிறக்கவே இல்லை. கழுத்துப்பட்டை வெளி ஆள். பட்டியலுக்குத்தான் ஒன்பது வருஷமாகக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாதே, அதனால் அவள் பெயரில் ஒரு லீவு லெட்டரும் இல்லை. அந்த அலுவலகத்தில் உண்மையாகவே வேலைக்கு வந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஊற்றுக்கண் சான்றளித்தது. பட்டியல் பொறுப்பு அதிகாரி ஆனாள்.

மேல்மாடிக்கு ஏறும் முன்பே, முதல் வேலையாகப் பெரிய எழுத்தர் பூட்டி வைத்திருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். "அண்ணே, எண்பத்தேழு. தபால் நிலையத் தெரு, பால்கடை ஓரம். வலப்பக்கம் பதினெட்டுச் சுற்று. ஓடுங்க."

சாவிக்காரர் ஓடினார். அரை மணியில் தண்ணீர் நின்றது. தபால் நிலையத்தில் கடிதங்கள் ஓடுவதை நிறுத்தி, வழக்கம்போல நகராமல் கிடந்தன.

ஆனால் ஆபத்து தீரவில்லை. முப்பதாம் நாள் அன்றைக்குத்தான். மணி மூன்றரை. ஐந்து மணிக்கு வால்வுப் பட்டியல் தானாகவே அழியும்படி ஊற்றுக்கண்ணில் ஏற்கனவே வைத்துவிட்டார்கள். அக்கா தளத்திலிருந்து இறக்கிய பிரதி மிஞ்சும், ஆனால் அதற்குக் கத்தரிக்கோல்தான் கிடைக்கும். கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கேட்டாள்.

"நிறுத்த முடியாதா?"

"முடியும் மேடம்." பொறுப்பு அதிகாரி ஆனதும் அவள் மேடம் ஆகிவிட்டாள். "ஒரு உத்தரவு வேணும். அந்த உத்தரவு பச்சையா இருக்கணும்."

"நானே அடிச்சா?"

"சிவப்பு. அதையும் சேர்த்து அழிச்சிடும்."

"பழைய உத்தரவு ஒண்ணைத் திருத்தினா?"

"பச்சை. ஆனா நீங்களும் காய்ச்சல்ல படுத்துடுவீங்க."

பட்டியல் நாலாவது மூடியைக் கடித்தாள். புதிதாக எழுதினால் குற்றம். பழையதைத் திருத்தினால் ஜுரம். மணி நாலு.

"சரி, யார்கிட்டேருந்து இறக்கினா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க?"

"தலைமையகத் தளத்துலேருந்து இறங்கினா கேள்வியே இல்லை, தலைமையகத்தோட தன்மை. ஆனா அங்கே இறக்கறதுக்கு ஒரே ஒரு கோப்புதான் இருக்கு."

"எது?"

"ஊற்று இல்லாததையெல்லாம் அழிக்கச் சொல்ற சுற்றறிக்கை."

"அந்தச் சுற்றறிக்கைக்கு ஊற்று எதுங்க?"

"அதெல்லாம் பாக்கக் கூடாது மேடம். இறங்கின இடத்தைப் பார்க்கத்தான் நமக்கு அனுமதி. அதுக்கு மேல ஏறிப் பார்க்கத் தனி உரிமம் வேணும்."

பட்டியல் சுற்றறிக்கையை இறக்கினாள். திறந்தாள். தலையில் முத்திரை, காலில் கையெழுத்து. இரண்டையும் தொடவில்லை. நடுவில் இருந்த வயிற்றை மட்டும் வழித்து எடுத்துவிட்டு, அங்கே தன் வார்த்தைகளை அடித்தாள். ஒன்பது வருஷமாக மற்றவர்கள் செய்ததைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள், அவளுக்கா தெரியாது? "பார்வையில் காணும் பொருள் தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில், ஊற்று இல்லாத கோப்பைத் தாமே உருவாக்கியவரே அதன் ஊற்றாகக் கருதப்படுவார். அவ்வாறான கோப்பு யாதொன்றும் அழிக்கப்படுதல் கூடாது." இப்படிப் பதினைந்து வரி. ஊற்றுக்கண்ணில் காட்டினாள். கரும்பச்சை. ஊற்று: தலைமையகம். கழுத்துப்பட்டை எழுந்து நின்றுவிட்டார்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். பட்டியல் பிழைத்தது. உத்தரவு தலைமையகத்துக்குக் கீழே இருக்கிற நாற்பத்து மூன்று அலுவலகங்களுக்கும் போனது. தலைமையகத்துக்கும் போனது. தலைமையகம் ஊற்றைப் பார்த்தது. நம்மிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், தன் உத்தரவுக்குத் தானே கீழ்ப்படிந்து, "பெற்றுக்கொள்ளப்பட்டது, நடைமுறைப்படுத்தப்படுகிறது" என்று பதில் போட்டது.

ஆனால் பட்டியலுக்கு உள்ளுக்குள் ஓர் ஆவல். உத்தரவை அனுப்பும்போது பதினோராவது வரியாக ஒன்றைச் செருகியிருந்தாள். "இந்த வரியைப் படிப்பவர் 'படித்தேன்' என்று எனக்கு ஒரு சொல் எழுதி அனுப்பவும்."

ஒரு வாரம் காத்திருந்தாள். நாற்பத்து மூன்று அலுவலகமும் பெற்றுக்கொண்டதாக எழுதின. பத்திரிகைகள் உத்தரவை முழுசாகப் போட்டு, வரலாற்றுச் சிறப்பு மிக்கது என்று தலையங்கம் எழுதின. ஜனங்களைக் கேட்கவே வேண்டாம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டுக் கைபேசிக்குக் கைபேசி தள்ளிவிட்டார்கள். "அனைவரும் அவசியம் படிக்கவும்" என்று மேலே எழுதி அனுப்பினார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். நீங்களும் நாலு பேருக்குத் தள்ளியிருப்பீர்கள். ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

ஒரு "படித்தேன்"கூட வரவில்லை.

எட்டாம் நாள் சாவிக்காரர் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை விரல் வைத்துப் படித்து முடித்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"தங்கச்சி, படிச்சேன்."

"என்னத்த அண்ணே?"

"பதினோராவது வரி. ஒரு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் அங்கே வந்து சேர்ந்தேன். லேட்டானதுக்கு ஏதாவது செய்வாங்களா?"

பட்டியல் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். அதிகாரியின் அப்பா என்றைக்காவது மனசு மாறிக் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு அதிகாரி திரும்பி வருவார். அன்றைக்கு அவள் மறுபடி ஈரச் சுவருக்குப் போவாள், தற்காலிகமாக.

"அண்ணே, உங்களைத் தவிர இதை யாரும் படிக்கலை."

"யாருமேவா? தலைமையகத்துலயுமா?"

"யாருமே."

"ஐயய்யோ. அப்ப இதுல என்ன வேணும்னாலும் எழுதிடலாமே!"

அவர் பயந்துபோய்ச் சொன்னார். அவள் கதவைச் சாத்திவிட்டு, உத்தரவைத் திறந்து, பதினோராவது வரியை அழித்தாள். அந்த இடத்தில், "வால்வுப் பட்டியலும், அதை அடித்தவரும், சாவியைச் சுமப்பவரும் இன்று முதல் நிரந்தரம், இவ்வரியைப் படித்ததாகச் சொல்லி வருபவருக்கு அதன் ஊற்று எது என்று கேட்டு மெமோ கொடுக்கப்படும்" என்று அடித்து, 'திருத்திய பிரதி' என்று பெயர் வைத்து எல்லோருக்கும் அனுப்பினாள்.